ஃபங்ஷனுக்கு எத்தனை பேர்?

"எத்தனை இலை சார்?"

சமையல்காரர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். ராஸ்தா பேட்டில் நண்பர் வீட்டுச் சீமந்தம். புனேயில் சாம்பாருக்கு வெல்லம் போடாத கைகளைத் தேடிப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்பதால், பேசி முடிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். "நூறு, நூத்தம்பது இருக்கும்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நூறா, நூத்தம்பதா? ரெண்டும் வேற வேற சமையல் சார்."

பக்கத்தில் நின்றிருந்த மகள் களுக்கென்று சிரித்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வண்டியில் திரும்பி வரும்போது, "அப்பா, என் அசைன்மெண்ட்லயும் இதே பிரச்சினைதான். ஃபங்ஷனுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு முன்னாடியே சொல்லணுமாம்" என்றாள்.

பைத்தானில் 'பிரிண்ட்' என்ற ஃபங்ஷனுக்கு ஒன்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது, பத்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது. இந்த செமஸ்டரில் ஹாஸ்கெல் சொல்லித் தருகிறார்கள். அதில் எத்தனை எண் கொடுத்தாலும் கூட்டிச் சொல்லும் ஃபங்ஷன் ஒன்றை எழுத உட்கார்ந்தவளுக்கு வழி தெரியவில்லை. "லிஸ்ட்டா குடுத்துடேன்" என்றேன், இருபத்தைந்து வருட அனுபவத்தின் மிடுக்கோடு. "லிஸ்ட்டுன்னா அது ஒண்ணுதானேப்பா? நான் கேட்டது அது இல்லையே."

அவள் சொன்னது சரி. நான் சொன்னது பதிலே இல்லை, கேள்வியைத் தள்ளிவிட்டேன், அவ்வளவுதான். பிறகு சில ராத்திரிகள் பழைய புத்தகங்களையும் கட்டுரைகளையும் கிளறியதில் கிடைத்த கதை இது. பொட்டி தட்டாத நண்பர்களும் படிக்கலாம். பந்தி பரிமாறத் தெரிந்தால் போதும். பதிவு கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஒரு சொல். ஃபங்ஷனுக்கு உள்ளே போகும் பொருளை 'ஆர்க்யுமெண்ட்' என்பார்கள். (ஃபங்ஷன் என்றால் ஆர்க்யுமெண்ட் இல்லாமல் இருக்குமா என்று சம்பந்தி வீட்டுச் சண்டைகளைப் பார்த்தவர்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாருங்கள்.) ஒரு ஃபங்ஷன் எத்தனை ஆர்க்யுமெண்ட் வாங்கும் என்பதுதான் இங்கே பேச்சு.

இது ஏதோ படித்தவர்களின் பொழுதுபோக்குக் கேள்வி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2003. புனேக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேலை பார்த்த கம்பெனியின் பெயர் வேண்டாம். கடல் தாண்டி இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு பில் போடும் மென்பொருள், சி மொழியில். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு போன். பில் ஓட்டம் பாதியில் செத்துவிட்டது. மறுபடி ஓட்டினால் மறுபடி அதே இடத்தில் சாகிறது. அங்கே மாதக் கடைசி. பில் போகாவிட்டால் பணம் வராது, பணம் வராவிட்டால் யார் தலை உருளும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போது மகள் பிறக்கவில்லை. மனைவி ஆறு மாதம். சம்பளத்தில் பாதி ஊரில் இருந்த வீட்டுக் கடனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

விடிய விடியத் தேடிக் கண்டுபிடித்த குற்றவாளி ஒரே ஒரு வரி. நான் எழுதியதுதான். வாடிக்கையாளர் பெயர் காலியாக இருந்தால் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதச் சொல்லும் வரி. அந்த 'பிரிண்ட்எஃப்' வாக்கியத்தில் "இங்கே ஒரு பெயர் வரும், இங்கே ஒரு பெயர் வரும்" என்று இரண்டு இடம் ஒதுக்கியிருந்தேன். கொடுத்ததோ ஒரே பெயர். பெயர் காலியாக இருக்கும் கணக்கு சோதனையில் ஒன்றுகூட வரவில்லை. நிஜத்தில் வந்தது. இரண்டாவது பெயரைத் தேடிப் போன நிரல், நினைவகத்தில் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு குப்பையைப் பெயர் என்று நம்பிப் படிக்கப் போய் விழுந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், சி மொழியில் இப்படிப்பட்ட ஃபங்ஷனுக்கு, தனக்கு எத்தனை பொருள் வந்திருக்கிறது என்று தெரியாது. நிஜமாகவே தெரியாது. வாக்கியத்தில் எத்தனை சதவீதக் குறி இருக்கிறதோ அத்தனை வந்திருக்கும் என்று நம்புகிறது. பரிமாறுபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, சீட்டில் பன்னிரண்டு இலை என்று எழுதியிருந்தால் பன்னிரண்டு தடவை ஊற்றிவிட்டுப் போகிற மாதிரி. பதினொன்றோடு பந்தி முடிந்திருந்தால் பன்னிரண்டாவது கரண்டி தரையில்.

என்னைப் போன்ற அரைத்தூக்கப் பேர்வழிகளோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தச் சீட்டை வெளியாள் ஒருவன் எழுத முடிந்தால்? 2000ஆம் ஆண்டில் இணையம் முழுக்க அது நடந்தது. அப்போது பரவலாக ஓடிக்கொண்டிருந்த 'டபிள்யூ-யூ எஃப்டிபி' சர்வரில் இதே ஓட்டை இருந்தது. வெளியிலிருந்து வரும் எழுத்தை அப்படியே பிரிண்ட்எஃப் வகை ஃபங்ஷனுக்குச் சீட்டாகக் கொடுத்துவிட்டார்கள். அனுப்புகிறவன் தன் எழுத்துக்குள் சதவீதக் குறிகளை நுழைத்து அனுப்பினால் இயந்திரமே அவன் கையில். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஓட்டைகள் வரிசையாக வேறு பல மென்பொருள்களிலும் அகப்பட்டன. 'இத்தனை பேர்தான் என்று இல்லை, எத்தனை பேர் வந்தாலும் சரி' என்ற சின்ன வசதிக்குக் கொடுத்த விலை.

அப்படியானால் எண்ணிக்கையைக் கறாராக்கிவிடலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். அங்கேதான் புனே முதல் முறையாகக் கதைக்குள் வருகிறது.

நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழி இந்த விஷயத்தில் மாமியார் மாதிரி. மூன்று என்று அறிவித்தால் மூன்றுதான். நாலாவதாக ஒன்றைக் கொடுத்தால் கம்பைலர் வாசலிலேயே நிறுத்திவிடும். இந்த மொழி உலகமெங்கும் பரவக் காரணமாக இருந்தது சூரிச்சில் உருவான பாஸ்கல்-பி என்ற கம்பைலர். பி-கோட் என்ற ஒரு கற்பனை இயந்திரத்துக்காக எழுதிவிட்டு, அந்தக் கற்பனை இயந்திரத்தை மட்டும் ஊருக்கு ஊர் கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை. அதன் செயலாக்கக் குறிப்புகளை எழுதியவர்களின் பட்டியலில் முதலில் இருக்கும் பெயர் கே.வி.நோரி. நம் ஊர்க்காரர். பின்னாளில் நெடுங்காலம் டாடா கன்சல்டன்ஸியிலும், 1981இல் புனேயில் தொடங்கப்பட்ட டாடா ஆராய்ச்சி மையமான டிஆர்டிடிசியிலும் இருந்தவர். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், மூத்த சகாக்கள் அந்த மையத்தின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், கோயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

ஆனால் பாஸ்கலிலும் ஒரு சலுகை இருந்தது. 'ரைட்லன்' என்று ஒன்று. அதற்கு மட்டும் ஒன்று, இரண்டு, பத்து, எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். எண்ணும் எழுத்தும் கலந்துகூடக் கொடுக்கலாம். அது எப்படி? அது மற்றவை போன்ற ஃபங்ஷன் இல்லை. கம்பைலருக்குள்ளேயே அதற்கென்று தனியாக எழுதி வைத்திருந்தார்கள். நீங்களும் நானும் அப்படி ஒன்றை பாஸ்கலில் எழுதிக்கொள்ள வழியில்லை. ஊருக்கெல்லாம் அளவுச் சாப்பாடு, சமையல்கட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் அன்லிமிட்டெட்.

எனக்கு இதுதான் உறுத்துகிறது. மொழியைச் செய்தவர்கள் தங்களுக்கு ஒரு வசதியை வைத்துக்கொண்டு, அதே வசதியைப் பயன்படுத்துபவனுக்குத் தர மறுத்தால் அது பாதுகாப்பு இல்லை, உள்வீட்டுச் சலுகை. சி மொழி அந்தச் சலுகையை எல்லோருக்கும் கொடுத்தது, பாதுகாப்பை எடுத்துவிட்டு. (பின்னாளில் ஜிசிசி கம்பைலர் சீட்டையும் இலையையும் ஒப்பிட்டுப் பார்த்து எச்சரிக்கும் வசதியோடு வந்தது. 2003இல் எங்கள் கம்பெனியில் அந்த எச்சரிக்கைகளை 'தொந்தரவு' என்று அணைத்து வைத்திருந்தோம். வேறு என்ன சொல்ல.)

வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் முன்பே இந்தக் கணக்கை ஒருவர் தீர்த்து வைத்திருந்தார். ஜான் மெக்கார்த்தி எம்ஐடியில் 1958இல் தொடங்கிய லிஸ்ப். அதில் கூட்டல்கூட ஒரு ஃபங்ஷன்தான், அடைப்புக்குறிக்குள் முதல் ஆளாக வந்து உட்காரும். இன்றைய லிஸ்ப்களில் (+ 1 2 3 4) என்று எழுதினால் 10. அடைப்புக்குறி திறந்த இடத்தில் பந்தி தொடங்குகிறது, மூடிய இடத்தில் முடிகிறது. நடுவில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் குழப்பமில்லை. லிஸ்ப் நிரலே ஒரு லிஸ்ட்தான் என்பதால், வந்தவர்கள் எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டிக் கையில் கொடுத்துவிடலாம். 1962இல் வந்த லிஸ்ப் 1.5 கையேட்டிலேயே இதற்கு 'எஃப்எக்ஸ்பிஆர்' என்று ஒரு வகை இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், மொழியைச் செய்தவர்கள் மட்டும் அல்ல.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. எஃப்எக்ஸ்பிஆர் தனக்கு வந்ததைச் சமைக்காமல் பச்சையாகவே வாங்கிக்கொள்ளும். 1+2 என்று கொடுத்தால் 3 என்று வராது, '1+2' என்ற எழுத்தாகவே வரும். எப்போது சமைப்பது என்பது உள்ளே இருப்பவன் இஷ்டம். இதனால் கம்பைலர்களுக்கு என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. 1980இல் கென்ட் பிட்மன் எழுதிய கட்டுரை ஒன்றுக்குப் பிறகு லிஸ்ப் உலகம் இதைக் கைவிடத் தொடங்கியது. அதற்குள் வேறு வழிகள் வந்துவிட்டன. சஸ்மனும் ஸ்டீலும் 1975இல் தொடங்கிய ஸ்கீம் மொழியில் பின்னாளில் நிலைத்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெயர்களை எழுதிக்கொண்டே வந்து, ஒரு புள்ளி வைத்து, கடைசியாக ஒரு பெயர். புள்ளிக்கு முன்னால் இருப்பவர்கள் பெயர் சொல்லி அழைத்த விருந்தாளிகள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது 'மற்றும் பலர்'. அரசியல் கூட்ட நோட்டீஸ் மாதிரியேதான்.

அந்த உலகத்தில் இன்னொரு அழகான விஷயம் உண்டு. யாருமே வராத பந்தி. (+) என்று மட்டும் எழுதினால் என்ன விடை? 0. (*) என்று மட்டும் எழுதினால்? 1. கூட்டலில் 0 சேர்த்தாலும் பெருக்கலில் 1 சேர்த்தாலும் எதுவும் மாறாது என்பதால் இவைதான் சரியான காலி இலைகள். அதே 'மாக்ஸ்' என்று எழுதி உள்ளே எதுவும் கொடுக்காவிட்டால் பிழை, ஏனென்றால் யாருமே இல்லாத கூட்டத்தில் பெரியவர் யார் என்று சொல்ல முடியாது. ரிச் ஹிக்கி 2007இல் வெளியிட்ட க்ளோஷர் வரைக்கும் இந்தக் குடும்ப குணம் வந்திருக்கிறது. க்ளோஷரை நம்பிப் பெரிய மென்பொருள் கட்டிய ஹெல்ப்ஷிஃப்டின் பொறியாளர் குழு வளர்ந்தது இதே புனேயில்தான். ஒரு ஆர்க்யுமெண்ட் வந்தால் ஒரு வழி, இரண்டு வந்தால் இன்னொரு வழி, அதற்கு மேல் வந்தால் மூன்றாவது வழி என்று ஒரே பெயரின் கீழ் எழுதிக்கொள்ளலாம்.

எர்லாங் மொழிக்காரர்கள் இன்னும் கறார். இரண்டு வாங்கும் 'செக்' வேறு, மூன்று வாங்கும் 'செக்' வேறு, பெயரோடு எண்ணிக்கையையும் சேர்த்துத்தான் அழைப்பார்கள். ராமசாமி என்ற பெயரில் ஊரில் இரண்டு பேர் இருந்தால் இனிஷியல் போட்டுக் கூப்பிடுகிற மாதிரி.

சரி, அடைப்புக்குறிக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள். என் மகள் மாட்டிக்கொண்டிருப்பது வேறு வம்சத்தில். அதன் மூதாதையர் கதை கொஞ்சம் மனதைப் பிசைவது.

மோசஸ் ஷோன்ஃபிங்கல். இன்றைய உக்ரைனின் தினிப்ரோ நகரில் பிறந்தவர். ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹில்பர்ட்டின் வட்டத்தில் இருந்தார். 1920 டிசம்பர் 7ஆம் தேதி அங்கே ஒரு உரை நிகழ்த்தினார். அதன் சாரத்தில் ஒரு பகுதி இது: இரண்டு ஆர்க்யுமெண்ட் வாங்கும் ஃபங்ஷன் என்று ஒன்று தேவையே இல்லை. ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, இன்னொன்றை வாங்கக் காத்திருக்கும் புது ஃபங்ஷனைத் திருப்பித் தந்தால் போதும். கூட்டலுக்கு 3 கொடுத்தால் விடை வராது, 'மூன்றைக் கூட்டும் ஃபங்ஷன்' வரும். அதற்கு 4 கொடுத்தால் 7. உலகத்தில் உள்ள எல்லா ஃபங்ஷனும் ஒன்றே ஒன்றைத்தான் வாங்கும்! அந்த உரை 1924இல் கட்டுரையாக அச்சில் வந்தது, அதையும் வேறு ஒருவர்தான் ஒழுங்குபடுத்தி எழுதினார். பிறகு ஷோன்ஃபிங்கல் மாஸ்கோ போனார், மனநோய் வந்தது, வறுமையில் 1942 வாக்கில் இறந்தார். அவர் விட்டுப் போன காகிதங்களை அக்கம்பக்கத்தார் குளிர் காய எரித்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது.

இந்த யோசனைக்கு அவர் பெயர் நிலைக்கவில்லை. அதைத் தானாகவும் கண்டடைந்து விரிவாக வளர்த்த அமெரிக்கர் ஹாஸ்கெல் கர்ரியின் பெயரால் 'கர்ரியிங்' ஆயிற்று. கர்ரி ஷோன்ஃபிங்கலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தவர்தான், ஆனாலும் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. (நம் 'கறி'தான் ஆங்கிலத்தில் 'கர்ரி' ஆயிற்று என்பதால், நான் வீட்டில் இதைக் 'கறியாக்குதல்' என்பேன். மகள் பல்லைக் கடிப்பாள்.) 1990இல் முதல் அறிக்கை வந்த ஹாஸ்கெல் மொழிக்கு அவருடைய முதல் பெயரையே வைத்தார்கள். கர்ரிக்கு அந்தப் பெயர் பிடிக்கவே பிடிக்காது என்று அவர் மனைவி பிறகு சொன்னாராம்.

கறியாக்கியதை நமக்குப் புரிய வைக்கத் தமிழே போதும் என்று எனக்குத் தோன்றும். 'வந்து' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார். வந்து... என்ன? 'வந்து, பார்த்து, சாப்பிட்டு' என்று எத்தனை அடுக்கினாலும் இன்னும் காத்திருப்பார். 'போனான்' என்றால்தான் மூச்சு விடுவார். பள்ளிக்கூடத்தில் எச்சம், முற்று என்று படித்தோமே, அதுதான். பாதி ஆர்க்யுமெண்ட் வாங்கிய ஃபங்ஷன் ஓர் எச்சம். முற்று வந்தால்தான் விடை.

இப்போது என் மகளின் சிக்கல் புரிந்திருக்கும். எச்சத்தை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம், சரி. ஆனால் முற்று எங்கே? 'கூட்டு 1 2 3' என்று எழுதினால், மூன்றோடு முடிந்ததா, நாலாவது வரப் போகிறதா? லிஸ்ப்பில் மூடும் அடைப்புக்குறி சொல்லும். சி மொழியில் சீட்டு சொல்லும், பொய்யாகவாவது. இங்கே சொல்ல யாருமில்லை. ஒவ்வொருவராக வருகிறார்கள், ஒவ்வொருவரும் கடைசி ஆளாக இருக்கலாம்.

இந்த இடத்தைப் பையன்களுக்குக் கண்ணால் காட்டியது எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் என்பது சமீபத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு பூனா பல்கலைக்கழகம், 2014இலிருந்து சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகம். கணேஷ்கிண்ட் சாலையில் பச்சைப் பசேலென்று இருக்குமே, அதுதான். அங்கே கற்பித்த ஆர்.பி.மோடி 1991இல் ஏசிஎம்மின் கல்விப் பிரிவு இதழில், சி மொழியைப் பாடமாக வைப்பதில் உள்ள கேடுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஊரெல்லாம் சி கோச்சிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நானே அப்படி ஒரு சென்டரில் படித்துத்தான் வேலைக்கு வந்தேன், வந்து 2003இல் என்ன செய்தேன் என்று மேலே சொல்லிவிட்டேன். 1990களில் அந்தத் துறையில் மாணவர்களுக்கு ஃபங்ஷனல் புரோகிராமிங் சொல்லித் தர எடுத்துக்கொண்டது கோஃபர். மார்க் ஜோன்ஸ் 1991இல் வெளியிட்ட, ஹாஸ்கெலை ஒத்த ஒரு சின்ன மொழி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வகுப்புக்காகக் கொஞ்சம் மாற்றி 'புகோஃபர்' என்று ஒன்றைச் செய்தார்கள். புனே யுனிவர்சிட்டியின் கோஃபர்.

அதில் ஒரு மாற்றம் புள்ளி. கோஃபரிலும் ஹாஸ்கெலிலும் 'கூட்டு 3 4' என்று வெறும் இடைவெளிதான் விடுவார்கள். அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது, ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. புகோஃபரில் 'கூட்டு.3.4' என்று எழுத வேண்டும். டைக்ஸ்ட்ரா தன் கையெழுத்துக் குறிப்புகளில் பழக்கிய முறை. ஒரு புள்ளிக்கு ஒரு ஊட்டு. முதல் புள்ளியில் 3 உள்ளே போய் ஓர் எச்சம் வெளியே வருகிறது, இரண்டாவது புள்ளியில் 4 போய் முற்று வருகிறது. புள்ளிகளை எண்ணினால் எத்தனை தடவை ஊட்டினோம் என்பது தெரியும். ஸ்கீமில் 'மற்றும் பலர்' என்பதற்கு வைத்த அதே புள்ளி, இங்கே 'ஒரே ஒருவர்' என்பதற்கு! முதல் வருடப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, இடைவெளியைப் பார்த்துப் பார்த்துக் குழம்பியவர்களுக்குத்தான் தெரியும். என் கோச்சிங் சென்டர் நாட்களில் இதை யாராவது காட்டியிருந்தால், ஒரு ஃபங்ஷன் தனக்கு எத்தனை வரும் என்று அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணமாவது வந்திருக்கும்.

புள்ளி எண்ணிக்கையைக் காட்டும். முடிவைக் காட்டாது. முடிவை யார் சொல்வது என்ற கேள்விக்கு 1998லிருந்து இரண்டு மூன்று வருடங்களில் நல்ல விடைகள் வந்தன. டென்மார்க்கில் இருந்த ஒலிவியே டான்வி 1998இல், பிரிண்ட்எஃபை எம்எல் போன்ற கறாரான மொழியில் எழுதலாம் என்று காட்டினார். அவர் செய்தது எளிது: சீட்டை எழுத்தாக வைக்காதே, சீட்டையே ஃபங்ஷன்களைக் கோத்துச் செய். 'இங்கே ஓர் எண்' என்பது ஒரு சின்ன ஃபங்ஷன், 'இங்கே ஒரு பெயர்' என்பது இன்னொன்று. கோத்து முடித்ததும், எத்தனை பொருள் வேண்டும், எந்த வரிசையில், எந்த வகையில் என்பது அந்தக் கோவையின் வகையிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒன்று குறைந்தால் கம்பைலரே பிடித்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு போன் வராது. அதே வருடம் லெனார்ட் அகுஸ்ட்சன் கேயென் என்ற மொழியில், சீட்டில் இருப்பதைப் படித்து அதற்கேற்ற வகையைக் கம்பைலரே கணக்கிடும் வழியைக் காட்டினார்.

2000இல் ஃப்ரிட்லெண்டரும் இந்த்ரிகாவும் எழுதிய கட்டுரை இன்னொரு வேடிக்கையைத் தொட்டது. லிஸ்ட்களை ஜோடி சேர்க்க ஹாஸ்கெலில் 'ஜிப்வித்' என்று ஒன்று உண்டு. மூன்று லிஸ்ட்டுக்கு ஜிப்வித்3, நாலுக்கு ஜிப்வித்4, இப்படி ஏழு வரை தனித்தனியாக எழுதி வைத்திருப்பார்கள். எட்டு வேண்டுமென்றால்? கடையில் ஏழாம் நம்பர் செருப்பு வரைக்கும்தான் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. எத்தனை லிஸ்ட் வந்தாலும் சமாளிக்கும் ஒரே ஜிப்வித்தைச் சாதாரண ஹாஸ்கெலிலேயே எழுதலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

மகளுக்குக் கடைசியில் உதவியது இவை எதுவும் இல்லை, வாட்லரும் ப்ளாட்டும் 1989இல் முன்வைத்த 'டைப் க்ளாஸ்'. ஹாஸ்கெலின் பிரிண்ட்எஃபும் அதே வழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. யோசனை இதுதான். முடிந்ததா இல்லையா என்று ஃபங்ஷன் தானாக முடிவு செய்ய வேண்டாம். தன்னைச் சுற்றி என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பார்க்கட்டும். சுற்றியிருக்கும் இடம் ஓர் எண்ணை எதிர்பார்த்தால், அதுவரை கூட்டி வைத்ததைக் கொடுத்துவிடு, அது முற்று. இன்னொரு ஆர்க்யுமெண்ட் பக்கத்தில் வந்து நின்றால், அதையும் கூட்டிக்கொண்டு மறுபடி காத்திரு, அது எச்சம். இரண்டே விதி, ஆறேழு வரி.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு பேரும் எழுதினோம். ஐந்து எண் கொடுத்தாள், வந்தது. பன்னிரண்டு கொடுத்தாள், வந்தது. ஒன்றுமே கொடுக்காமல், 'விடை முழு எண்' என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். 0 வந்தது.

பிறகு அதை ஒரு கோப்பில் போட்டு, விடை எந்த வகை என்று சொல்லாமல் அச்சிடச் சொன்னாள். கம்பைலர் ஒரு பக்கத்துக்குத் திட்டியது. தெளிவாக இல்லையாம்.

"ஏம்ப்பா, எண்ணுதான்னு அதுக்கே தெரியாதா?"

"நீ இன்னும் முற்று போடலையே. அது காத்துக்கிட்டு இருக்கு."

"இலையை மடிச்சாத்தான் பந்தி முடிஞ்சதுன்னு அர்த்தமா?"

"ஆமா."

விடையின் வகையைச் சேர்த்தாள். ஓடியது. நான் படுக்கப் போனபோது, எண்ணுக்கு நடுவில் ஒரு பெயரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயே விடவில்லை. 2003இல் இப்படி ஒரு கம்பைலர் என்னையும் உள்ளே விடாமல் நிறுத்தியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அம்மா அந்தக் கதையை நூறு தடவை கேட்டாயிற்று என்ற முகத்தோடு விளக்கை அணைத்தாள்.

சீமந்தத்துக்குக் கடைசியில் நூற்றுப் பதினெட்டு இலை விழுந்தது. பாயசம் பத்தவில்லை.